மெல்லிய எஃகுத் தூணுக்கு பக்ளிங் கணக்கு: முதல்முறை செய்பவர்களுக்கு

துவாஸில் ஒரு கிடங்குக்குள் மெசனைன் (இடைத்தளம்) போட, 3 மீட்டர் உயரத்தில் 'சி' சேனல் தூண் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குளிர்நிலையில் வளைத்த, லிப் (ஓரத்தில் உள்நோக்கி மடித்த சிறு விளிம்பு) உள்ள சேனல்: 150×50×15, தடிப்பு 1.5 மி.மீ., தரம் எஸ்350ஜிடி (யீல்டு வலிமை, அதாவது எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம், 350 நியூட்டன்/ச.மி.மீ.), பூச்சு இசட்275 (துத்தநாகம்). பரப்பளவை யீல்டு வலிமையால் பெருக்கினால் 140 கிலோநியூட்டன் வரும். அந்த எண்ணை நம்பவே கூடாது: தகடு மெல்லியது, அந்தச் சுமை வருமுன்பே பக்ளிங் ஆகும், அதாவது நெளிந்துவிடும். சிங்கப்பூரில் இதற்கான விதிநூல் எஸ்எஸ் இஎன் 1993-1-3.

1. தடிப்பு. துத்தநாகப் பூச்சு சுமை தாங்காது. 0.04 கழித்து, 1.46 மி.மீ. என்றே எல்லாக் கணக்கிலும் போடுங்கள்.

2. வெப் (சேனலின் அகலமான முதுகுத் தகடு). பெரும்பாலும் முதலில் நெளிவது இதுதான். அகலம் 148.5, தடிப்பால் வகுத்தால் 101.7. தகட்டின் மெலிவு எண்: 101.7 ÷ (28.4 × 0.819 × 2) = 2.185. இதில் 28.4 விதிநூல் தரும் மாறிலி, 0.819 என்பது 235/350-இன் வர்க்கமூலம். 2 என்பது பக்ளிங் கெழு 4-இன் வர்க்கமூலம். எண் 0.673-ஐத் தாண்டியதால் அகலத்தைக் குறைக்க வேண்டும்: (2.185 − 0.22) ÷ 2.185² = 0.41. அதாவது இரு ஓரங்களிலும் சுமார் 30 மி.மீ. மட்டுமே வேலை செய்கிறது. நடுவில் 87 மி.மீ. கணக்கில் இல்லை!

3. ஃபிளாஞ்சும் (வெப்பின் இரு ஓரத்திலிருந்தும் மடிந்து நிற்கும் தகடு) லிப்பும். ஃபிளாஞ்சில் 3 சதவீதம்தான் குறையும், லிப் முழுதாக நிற்கும். பயனுறு பரப்பு சுமார் 268 ச.மி.மீ. ஆனால் லிப்பின் பிடி போதாவிட்டால், ஃபிளாஞ்சும் லிப்பும் சேர்ந்து வெப் மடிப்பைச் சுற்றித் திரும்பும். இதுவே டிஸ்டார்ஷனல் பக்ளிங். இதற்காக லிப்பின் தடிப்பைக் குறைத்து, விடை நிலைக்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான்.

4. முழுத் தூண். இரு முனையும் 'பின்' இணைப்பு (சுழலும், நகராது), சிற்றச்சுச் சுழல் ஆரம் (பலவீனமான திசையில் வளைவை எதிர்க்கும் திறனைக் காட்டும் அளவு) 18.3 மி.மீ. விதிநூலின் பக்ளிங் வளைகோடுகளில் 'பி'-ஐ எடுத்தால், நடுவில் பிடிமானம் இல்லாதபோது தாங்குதிறன் சுமார் 25 கி.நி.; 1.5 மீட்டரில் பிடித்தால் சுமார் 64. அந்தப் பிடிமானம் பக்க நகர்வையும் முறுக்கலையும் சேர்த்துத் தடுக்க வேண்டும். அப்படிப் பிடித்தாலும் முறுக்கு-வளைவு பக்ளிங் 64-ஐ இன்னும் கீழே இறக்கும். அதையும் போட்டுப் பாருங்கள். மேலே 3-ஆம் படியின் லிப் குறைப்பும் இந்த எண்களில் சேரவில்லை.

5. மைய விலகல். வெப்பின் நடுப்பகுதி போனதால் மையம் லிப் பக்கமாக 6 மி.மீ. நகர்கிறது. 60 கி.நி. சுமையில் அது 0.36 கி.நி.மீ. வளைவுத் திருப்பம். நேர்சுமை என்று நினைத்த தூணை, சுமையும் வளைவும் சேர்ந்ததாகச் சோதியுங்கள்.

6. சைட்டில். ஜிப்சம் பலகையைப் பிடிமானமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். பின்னால் யாராவது கழற்றிவிடுவார்கள். ஸ்டட் (தூண்) முனை, அது பொருந்தும் டிராக் சேனலில் முட்டாமல் இடைவெளி இருந்தால், சுமை முழுவதும் திருகுகளுக்குப் போகும். மின்குழாய்க்காக லிப்பை வெட்டியிருந்தால் அந்தத் தூணை மாற்றச் சொல்லுங்கள்: 3-ஆம் படியில் ஃபிளாஞ்சைப் பிடித்திருந்தது அதுதான்.