நாற்பதுக்குப் பிறகு செஸ்: நேரத்தை விழுங்கும் தவறுகள்

2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். இந்த இரண்டுக்கும் பிறகு பிள்ளைகளை செஸ் வகுப்பில் சேர்ப்போர் மட்டும் பெருகவில்லை. பிள்ளையைப் போட்டிக்கு அழைத்து வந்து, மண்டப வாசலில் ஃப்ளாஸ்க்கோடு நாள் முழுக்கக் காத்திருக்கும் அப்பா, அம்மாக்களில் பலர் தாங்களும் காயைத் தொட ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் அவர்களில் நிறையப் பேர் ஆறேழு மாதத்தில் "நமக்கு வயசாயிடுச்சு, இனிமே ஏறாது" என்று விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் பெரும்பாலும் தடையாக இருப்பது வயது இல்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கிடைக்கும் கொஞ்ச நேரம் தவறான இடத்துக்குப் போய்விடுகிறது.

படித்துக்கொண்டே இருப்பது

நாற்பது வயதுக்காரருக்கு எதையும் கற்றுக்கொள்ள ஒரு வழி பழகியிருக்கும்: படிப்பது, விளக்கம் கேட்பது, குறிப்பு எடுப்பது. தேர்வும் வேலையும் அப்படித்தான் கைகூடின. செஸ்ஸுக்கும் அதையே செய்கிறார்கள். யூடியூபில் இருபது நிமிட வீடியோ, இரண்டு புத்தகம், பணம் கட்டி வாங்கிய ஒரு கோர்ஸ். கேட்டால் எல்லாம் தெரிந்திருக்கும். பலகையில் உட்கார்ந்தால் பதினைந்தாவது மூவில் ஒரு குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். தொடக்க நிலை ஆட்டங்களில் பெரும்பாலானவற்றின் முடிவு இப்படித்தான் தீர்மானமாகிறது. யார் அதிகம் படித்தார் என்பது அங்கே கணக்கில் வராது. யாருடைய கண்ணுக்கு வெட்டுப்படும் காய் முதலில் தெரிந்தது என்பதுதான் கணக்கு.

ஒரு உதாரணத்தைப் பலகையில் வைத்தே பாருங்கள். பலகையின் நெடுக்கு வரிசைகள் வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் ஹெச் வரை, குறுக்கு வரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. வெள்ளைச் சிப்பாய் ஈ4, கறுப்புச் சிப்பாய் ஈ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4. இதுவரை எல்லோரும் ஆடும் இத்தாலியன் தொடக்கம். இப்போது கறுப்பு சி6 குதிரையைத் தூக்கி டி4-ல் வைக்கிறது. ஈ5 சிப்பாய்க்குக் காவல் போய்விட்டது. "இலவசமாக ஒரு சிப்பாய்" என்று வெள்ளை தன் குதிரையால் அதை வெட்டுகிறது. கறுப்பு ராணி ஜி5-க்கு வந்து, ஈ5 குதிரையையும் ஜி2 சிப்பாயையும் ஒரே நேரத்தில் குறிவைக்கிறது. வெள்ளைக்கு இன்னும் ஆசை விடவில்லை. குதிரையால் எஃப்7-ஐ வெட்டினால் ராணிக்கும் யானைக்கும் சேர்த்து ஃபோர்க், அதாவது ஒரே காய் இரண்டையும் ஒரே நேரத்தில் மிரட்டுவது. ஆனால் கறுப்பு ராணி ஜி2-ஐ வெட்டுகிறது. வெள்ளை யானை எஃப்1-க்கு ஒதுங்குகிறது. ராணி ஈ4-ஐ வெட்டி செக். பிஷப் ஈ2-ல் குறுக்கே வருகிறது. டி4 குதிரை எஃப்3-க்குத் தாவுகிறது, செக்மேட். ஈ2 பிஷப் நகர்ந்தால் ராஜாவுக்கு ராணியின் செக் விழும், அப்படிக் கட்டுண்டு கிடப்பதால் அந்தக் குதிரையை வெட்ட முடியாது. ஏழே மூவில் ஆட்டம் முடிந்தது.

இந்தப் பொறிக்கு பிளாக்பர்ன் ஷில்லிங் கேம்பிட் என்று பெயர். வீடியோ பார்த்துப் பழகியவர் இதை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த பொறிக்குப் போவார். அப்படிப் பார்த்தால் பொறிகள் தீரவே தீராது. நாலாவது மூவில், சிப்பாயைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இவர் இதை எதற்கு வைத்தார்? கேட்டிருந்தால் ராணி ஜி5-க்கு வரும் வழி கண்ணில் பட்டிருக்கும். டி4 குதிரையை எஃப்3 குதிரையால் வெட்டி, கறுப்பு ஈ5 சிப்பாயால் திருப்பி வெட்ட விட்டாலே வெள்ளையின் நிலைமை நன்றாக இருக்கும். எதிராளி வைத்த ஒவ்வொரு மூவுக்கும் பிறகு இதே வரிசையில் பாருங்கள்: அவருக்கு செக் இருக்கிறதா, வெட்ட எதாவது இருக்கிறதா, அடுத்து எதையாவது மிரட்டுகிறாரா. பிறகு நீங்கள் வைக்க நினைக்கும் மூவுக்கும் அதே சோதனை. சலிப்பான வேலைதான். ஒரு ஆட்டத்தில் நாற்பது தடவை செய்ய வேண்டும், முப்பத்தொன்பது தடவை எதுவும் இருக்காது. இது பழக்கமாகும் வரை வேறு எந்தப் பாடமும் பலன் தராது என்பதே என் எண்ணம்.

ஓப்பனிங் மோகம்

கறுப்பு ஆடும் சிசிலியன் நைடார்ஃப் தொடக்கம் என்றால் ஒரு கவர்ச்சி. உலக சாம்பியன்களான ஃபிஷர் ஆடியது, காஸ்பரோவ் ஆடியது. அதன் கிளைகளைப் பதினெட்டாவது மூவ் வரை பாடமாக்கிக்கொண்டு போவார்கள். எதிரே உட்காருபவர் மூன்றாவது மூவிலேயே புத்தகத்தில் இல்லாததை ஆடிவிடுவார். அத்தோடு பாடம் முடிந்தது. வெள்ளைக்கு இத்தாலியன், கறுப்புக்கு ஈ4 வந்தால் ஈ5 அல்லது காரோ கான் (சி6-ல் தொடங்குவது), டி4 வந்தால் டி5. முதல் ஒன்றிரண்டு வருடங்களுக்கு இது தாராளம். காயை வெளியே கொண்டுவந்து, ராஜாவைக் காஸ்லிங் செய்து (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் இடம் மாற்றி) பத்திரப்படுத்தி, நடுக்கட்டங்களை விட்டுக்கொடுக்காமல் இருந்தால் தொடக்கத்திலேயே தோற்கமாட்டீர்கள்.

ராத்திரி பதினொரு மணி பிளிட்ஸ்

தினசரி நேரத்தை அதிகம் தின்பது இதுதான். வேலை முடிந்து, சாப்பிட்டு, எல்லோரும் தூங்கிய பிறகு போனில் மூன்று நிமிட ஆட்டம். ஒன்று தோற்றால் அதை ஈடுகட்ட இன்னொன்று, அதுவும் போனால் மற்றொன்று. ஒரு மணி நேரத்தில் பத்து ஆட்டம் ஆகிவிடும், ஒன்றுகூட நினைவில் நிற்காது. பிளிட்ஸ் ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தைத்தான் வேகமாக வெளியே கொண்டுவரும். நல்ல பழக்கம் உள்ளவருக்கு அது பயிற்சி. யோசிக்காமல் வெட்டும் பழக்கம் உள்ளவருக்கு அதே பழக்கம்தான் இன்னும் இறுகும்.

அதே ஒரு மணி நேரத்தில் ஆளுக்குப் பதினைந்து நிமிடமும் மூவுக்குப் பத்து வினாடி கூடுதலும் வைத்து ஒரே ஆட்டம் ஆடுங்கள். மீதி நேரத்தில் அதைத் திரும்பிப் பாருங்கள். லிசெஸ், செஸ்.காம் தளங்கள் இரண்டிலும் இந்த வேகத்தில் ஆள் கிடைப்பார்கள். லிசெஸ்ஸில் ஆட்டமும் அலசலும் எல்லாமே இலவசம். இரண்டு ஆட்டம் அடுத்தடுத்துத் தோற்றால் அன்றைக்கு மூடிவைத்துவிடுங்கள்.

பசிலை ஊகித்துப் போடுவது

பசில், அதாவது செஸ் புதிர், போடுவதில் தவறே இல்லை, போடும் முறையில்தான் சிக்கல். திரையில் ஒரு மூவைத் தட்டிப் பார்த்து, தப்பென்றால் அடுத்ததைத் தட்டினால் அது ஊகம். எதிராளியின் பதில் மூவையும் சேர்த்து, கடைசி வரை மனதில் முடித்த பிறகே காயைத் தொட வேண்டும். இன்னொன்று, பெரியவர்களுக்குக் கஷ்டமான பசில் மேல்தான் கண் போகும், சுலபமானது கௌரவக் குறைச்சல் போலத் தோன்றும். உண்மையில் ஒரு மூவ் மேட், இரண்டு மூவ் மேட், ஃபோர்க், பின் (காயை நகரவிடாமல் கட்டிப்போடுவது) இவற்றைப் பார்த்தவுடனே தெரியும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் போடுவதுதான் ஆட்டத்தில் கைகொடுக்கும். அதே ஐம்பது பசிலை அடுத்த மாதமும் போடலாம். வாரத்தில் சிலவற்றையாவது நிஜப் பலகையில் அடுக்கிப் போடுங்கள். போன் திரைக்கே பழகிய கண்ணுக்குப் போட்டி மேஜையில் தூர மூலையில் நிற்கும் பிஷப் தெரிவதே இல்லை.

எஞ்சினை உடனே திறப்பது

ஆட்டம் முடிந்த நொடியில் ஆட்டத்தை அலசும் கணினி எஞ்சினான ஸ்டாக்ஃபிஷ்ஷைத் தட்டினால் சிவப்புக் குறிகள் வரிசையாக வரும். "அட, இங்கே யானையை வைத்திருக்கணுமா" என்று தலையாட்டிவிட்டு மூடிவிடுவோம். எந்த மூவ் தவறு என்பதை எஞ்சின் சொல்லும். அதை வைக்கும்போது நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே முதலில் எஞ்சின் இல்லாமல் ஆட்டத்தை ஓட்டி, எங்கே பயந்தீர்கள், எங்கே எதிராளியின் மூவைப் பார்க்கவே இல்லை என்று இரண்டு மூன்று இடத்தில் ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் எஞ்சினைத் திறந்து, காய் போன இடத்தையும் மேட்டைத் தவறவிட்ட இடத்தையும் மட்டும் பார்த்தால் போதும். எஞ்சின் காட்டும் அரைச் சிப்பாய் அளவு வித்தியாசத்துக்கெல்லாம் இந்தக் கட்டத்தில் கவலைப்பட வேண்டாம்.

எண்ட்கேமைத் தள்ளிப்போடுவது

காய்கள் குறைந்த கடைசிக் கட்டமான எண்ட்கேமைப் படிக்கச் சொன்னால், "அதுவரைக்கும் ஆட்டம் போனால்தானே" என்பார்கள். போகும். போனபிறகு ஜெயித்த ஆட்டத்தை டிரா செய்துவிட்டு வருவார்கள். எதிராளியின் தனி ராஜா ஏ8 மூலையில் நிற்க, உங்கள் ராணியைப் பி6-ல் கொண்டுபோய் வைத்தால் ஸ்டேல்மேட்: செக் இல்லை, ஆனால் நகரவும் இடமில்லை, ஆகவே டிரா. முழு ராணி அதிகம் இருந்தும் அரைப் புள்ளிதான்.

அதைவிட முக்கியம் ராஜாவும் ஒரு சிப்பாயும். இந்த நிலையை அடுக்குங்கள்: வெள்ளை ராஜா ஈ5, வெள்ளைச் சிப்பாய் ஈ4, கறுப்பு ராஜா ஈ7. கறுப்பின் முறை என்றால் வெள்ளைக்கு வெற்றி. கறுப்பு ராஜா டி7-க்கு விலகினால் வெள்ளை ராஜா எஃப்6-க்கு ஏறி வழியைத் திறந்துவிடும். அதே நிலையில் வெள்ளையின் முறை என்றால் டிரா. வெள்ளை டி5-க்குப் போனால் கறுப்பு டி7-ல் நேருக்கு நேர் வந்து நிற்கும். காய்கள் நிற்கும் இடத்தில் எந்த மாற்றமும் இல்லை, யார் நகர்த்த வேண்டும் என்பதுதான் வித்தியாசம். இதற்கு ஆப்போசிஷன் என்று பெயர். வெள்ளை ராஜா ஈ6-லும் சிப்பாய் ஈ5-லும் கறுப்பு ராஜா ஈ8-லும் இருந்தால் யார் முறையானாலும் வெள்ளைக்கு வெற்றி. இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கற்றுக்கொள்ளலாம். இது தெரிந்தவருக்கு இருபது மூவ் முன்னாடியே, ஒரு சிப்பாய் அதிகம் இருக்கும்போது கடைசி யானைகளை மாற்றிக்கொள்ளலாமா கூடாதா என்று முடிவெடுக்கத் தெரியும். இந்த வயதில் இது நமக்குச் சாதகமான பகுதியும்கூட. கணக்கிடும் வேகத்தில் சிறுவர்களை எட்டுவது கஷ்டம், ஆனால் புரிந்துகொண்டு பொறுமையாக ஆட வேண்டிய இடங்களில் நாம் அவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

போட்டிக்குப் போகாமலே இருப்பது

ஒன்பது வயதுப் பையனிடம் தோற்றால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் பலரை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது. தமிழ்நாட்டு ஓப்பன் போட்டியில் எதிரே சிறுவர் உட்காருவது சகஜம், தோற்பதும் சகஜம். ஆட்டக்காரரின் பலத்தைச் சொல்லும் எண்ணான ரேட்டிங்கின் கணக்கே அவர்கள் வேகமாக வளர்வார்கள் என்பதை ஒப்புக்கொண்டு எழுதப்பட்டது. சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, ஒரு முடிவால் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் கே மதிப்பு முதல் 30 ஆட்டங்கள் வரை எல்லோருக்கும் 40. அதன்பின் பெரியவர்களுக்கு 20 ஆகிவிடும். 18 வயது ஆகும் ஆண்டு முடியும் வரை, 2300-க்குக் கீழே உள்ளவர்களுக்கு 40-ஆகவே நீடிக்கும். அதாவது ஒரே ரேட்டிங்கில் இருக்கும் இருவரில் நீங்கள் ஜெயித்தால் 10 புள்ளி, அந்தச் சிறுவன் ஜெயித்தால் 20. அப்படியும் அவன் ஆட்டம் ஏறும் வேகத்துக்கு அவன் ரேட்டிங் ஈடுகொடுக்காது. 1450 என்று போட்டிருக்கும் பையன் நிஜத்தில் அதைவிட நன்றாக ஆடுபவனாக இருக்கலாம். 2024 மார்ச் முதல் ரேட்டிங்கின் அடிமட்டமே 1400 என்பதையும் மனதில் வையுங்கள். பட்டியலில் பெயர் வரவே கொஞ்ச காலம் ஆகும்.

சிறுவரோடு ஆடும்போது செய்யும் பெரிய தவறு, அவர் ஐந்து வினாடியில் வைக்கிறார் என்று நீங்களும் ஐந்து வினாடியில் வைப்பது. ஆளுக்கு 90 நிமிடமும் மூவுக்கு 30 வினாடியும் தந்திருக்கிறார்கள். அது உங்கள் நேரம். 60 மூவ் போனால் நாலு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். ஆகவே நடுவில் சாப்பிடும் சாப்பாடும் ஆட்டத்தைச் சேர்ந்ததுதான். மதியச் சுற்றுக்கு முன் வயிறு நிறையச் சோறு வேண்டாம்.

வீட்டில் தாத்தாவிடம் ஆடக் கற்றவர்கள் விதிகளை ஒருமுறை புதிதாகப் படித்துவிடுவது நல்லது. ராஜா ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம், சிப்பாய் முதலில் ஒரு கட்டம்தான் என்பதெல்லாம் பழைய நாட்டு ஆட்டம். இரண்டு கட்டம் தாண்டி வந்து பக்கத்தில் நிற்கும் சிப்பாயைச் சிப்பாயால் வெட்டும் ஆன்பாசான் அதில் கிடையாது. போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். காஸ்லிங் செய்யும்போது ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும், அதுவும் ஒரே கையால். யானையை முதலில் தொட்டுவிட்டால் அந்த மூவில் அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது. கடிகாரத்தையும் காயை நகர்த்திய கையாலேயே அழுத்த வேண்டும். போனை வெளியே கொடுத்துவிட்டுப் போங்கள். பையில் அணைத்து வைக்கலாம் என்று அமைப்பாளர்கள் அனுமதித்திருந்தாலொழிய, மண்டபத்துக்குள் போன் கையில் இருந்தாலே ஆட்டம் போய்விடும்.

ஆட்டம் முடிந்ததும் கைகொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். மூவ்களை எழுதிய தாளை எடுத்துக்கொண்டு, "தம்பி, வெளியே வந்து பத்து நிமிஷம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். எந்த மூவுக்குப் பயந்தான், நீங்கள் பார்க்காத எதைப் பார்த்தான், எங்கே அவனே தப்பு செய்தான் என்று காயை நகர்த்தி நகர்த்திக் காட்டுவான். உங்களை எந்த வீடியோவும் இந்த அளவுக்குக் கவனித்துப் பேசப்போவதில்லை. அடுத்த சுற்றுக்கு அறிவிப்பு வரும் வரை கேட்டுக்கொண்டிருங்கள்.