டெக்சாஸ் கிராமத்தில் நிலம் வாங்கினீர்களா? சொத்து வரி ஆட்சேபத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் மாதத்தில் மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து தபால் பெட்டிக்கு ஓர் உறை வரும். உள்ளே உங்கள் சொத்தின் போன ஆண்டு மதிப்பு, இந்த ஆண்டு மதிப்பு என்று இரண்டு எண்கள். கூடவே, இது வரி பில் அல்ல என்றும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பி உறையை அலமாரியில் செருகிவிட்டு, அக்டோபர் வாக்கில் பில் வந்ததும் கொதித்தெழுபவர்கள் டெக்சாஸில் ஏராளம். அதற்குள் சண்டை முடிந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் மே 15, அல்லது அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து 30 நாள். இரண்டில் எது பிந்தியதோ அது. 50-132 எண் கொண்ட படிவம் போதும், கட்டணம் கிடையாது.

ஆஸ்டினிலும் டாலஸிலும் வேலை பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேர ஓட்டத் தொலைவில் பத்துப் பன்னிரண்டு ஏக்கர் வாங்கிப் போடும் நம்மவர்களுக்கு இந்த ஊர் வரியின் கனம் முதலில் புரிவதில்லை. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. மாநில அரசு சொத்து வரியும் வசூலிப்பதில்லை. பள்ளி, கவுண்டி (மாவட்டம்), சில இடங்களில் மருத்துவமனை, தீயணைப்பு என்று உள்ளூர் அமைப்புகள் பிழைப்பது பெரும்பாலும் நம் நிலத்தை நம்பித்தான்.

நான் முதல் முறை ஆட்சேப விசாரணைக்குப் போனபோது நன்றாகவே பேசினேன். வரி எப்படி ஏறிவிட்டது, சம்பளம் எப்படி ஏறவில்லை, பக்கத்து மாவட்டத்தில் எவ்வளவு குறைவு என்று கால் மணி நேரம். எதிரே அமர்ந்திருந்த மூவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மதிப்பை ஒரு டாலர்கூடக் குறைக்காமல் அனுப்பினார்கள். தவறு என்னுடையதுதான். அவர்களுக்கு வரியைக் குறைக்கும் அதிகாரமே இல்லை. மதிப்பைச் சொல்வது மதிப்பீட்டு அலுவலகம். வரி விகிதத்தைத் தீர்மானிப்பது பள்ளி வாரியமும் கவுண்டி ஆட்சிக் குழுவும். பணத்தை வாங்குவது இன்னொருவர். அலுவலகத்துக்கும் நமக்கும் இடையிலான வழக்கை விசாரிப்பது உள்ளூர்வாசிகள் அமர்ந்த மறுஆய்வு வாரியம். விகிதம் அதிகம் என்றால் அதைச் சொல்ல வேண்டிய இடம் ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும் பொது விசாரணைகள். எங்கள் கவுண்டியில் அங்கே நாற்காலிகள்தாம் அமர்ந்திருக்கும்.

வாரியத்தின் முன் எடுபடும் வாதங்கள் முக்கியமாக இரண்டு. ஜனவரி 1 அன்று இந்தச் சொத்து சந்தையில் இந்த விலைக்குப் போயிருக்காது என்பது ஒன்று. என்னைப் போன்ற மற்ற சொத்துகளை விட என்னுடையதை அதிகமாக மதிப்பிட்டிருக்கிறீர்கள் என்பது மற்றொன்று. படிவத்தில் இரண்டு கட்டங்களையும் குறியிட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் குறித்தவர், மற்றதைப் பேச வாய் திறக்கும்போது தடுக்கப்படலாம்.

நாட்டுப்புறத்தில் சந்தை விலையை நிரூபிப்பது நகரத்தைப் போல் எளிதல்ல. விற்ற விலையை அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்று டெக்சாஸில் சட்டம் இல்லை. பத்திரத்தைப் புரட்டினாலும் விலை இருக்காது. நிலத் தரகர் யாராவது பழக்கத்தில் இருந்தால்தான் சில விற்பனைகள் கைக்கு வரும். கிடைத்தாலும் ஒரு பொறி உண்டு. இரண்டு ஏக்கர் மனை ஏக்கருக்கு 30,000 டாலர் என்று போயிருக்கும். அதே கணக்கை எண்பது ஏக்கருக்குப் போட்டால் 24 லட்சம் ஆகும், அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். பரப்பு கூடக் கூட ஏக்கர் விலை இறங்கும். அலுவலகம் உங்கள் நிலத்தைச் சின்ன மனைகளோடு ஒப்பிட்டிருந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள். நீங்களும் அதே தவறைச் செய்து, பெரிய பண்ணையின் மலிவான ஏக்கர் விலையை உங்கள் மூன்று ஏக்கருக்குக் கேட்காதீர்கள். சாலை முகப்பு இருக்கிறதா, வெள்ளம் தேங்கும் பகுதியா, மின்கம்பி வழி குறுக்கே போகிறதா, அடுத்தவர் நிலத்தைக் கடந்துதான் உள்ளே போக வேண்டுமா என்பவை எல்லாம் விலையைத் தின்னும்.

இவற்றை விட எளிதாக வெல்லக்கூடியது பதிவேட்டுப் பிழை. அதை ஏன் இத்தனை பேர் பார்ப்பதில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. உங்கள் சொத்துக்கு அலுவலகம் வைத்திருக்கும் பதிவுத் தாளை வாங்கி, அளவு நாடாவோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரை போட்ட திண்ணையை வசிக்கும் அறையாகச் சேர்த்திருப்பார்கள். எப்போதோ சரிந்து விழுந்த தொழுவம் காகிதத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கும். இப்படி நிஜத்தில் இல்லாத சொத்தின் மேல் போட்ட வரி, ஒரே சொத்தை இருமுறை ஏற்றியது போன்ற பிழைகளை மே 15 போன பிறகும், ஐந்து ஆண்டுகள் பின்னோக்கித் திருத்தக் கேட்க வழி உண்டு.

அலுவலகம் கையில் வைத்திருக்கும் ஆதாரங்களை எழுத்தில் கேட்டு வாங்காமல் போவதும் பெரும் பிசகு. கேட்டால் விசாரணைக்கு 14 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கேட்டும் தராததை விசாரணையில் அவர்கள் பயன்படுத்த முடியாது. மதிப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலில் அவர்களுடையது. விசாரணைக்கு முன் அலுவலக ஊழியரோடு தனியாகப் பேசிப் பாருங்கள், பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். குரலை உயர்த்துவதால் பயன் இல்லை. சின்ன ஊர், அடுத்த வாரம் தீவனக் கடையில் அவரையே சந்திப்பீர்கள்.

சில நேரங்களில் ஆட்சேபமே வீண் வேலை. குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு (வரிக்கு எடுக்கும் மதிப்பில் ஒரு பகுதியைக் கழிக்கும் சலுகை) பெற்றிருந்தால், அடுத்த ஆண்டு முதல் வரிக்கு எடுக்கும் மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. புதிதாகக் கட்டியது மட்டும் தனிக் கணக்கு. போன ஆண்டு 2,50,000 டாலர் என்றால் இந்த ஆண்டு வரி 2,75,000 மீதுதான், சந்தை மதிப்பு 3,40,000 என்று போட்டிருந்தாலும். போராடி அதை 3,00,000 ஆக்கினால் இந்த ஆண்டு பில் ஒரு காசு குறையாது. அதற்கு மாறாக, விலக்குக்கே விண்ணப்பிக்காமல் பல ஆண்டுகள் முழு வரி கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளி வரியில் மட்டும் அந்த விலக்கு 2025 வரி ஆண்டிலிருந்து 1,40,000 டாலர். விண்ணப்பம் இலவசம். அரசுக் கடிதம் போலத் தோற்றமளித்துக் கட்டணம் கேட்கும் தபால்களுக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

இனி வேளாண் மதிப்பீடு. ஊரில் எல்லாரும் இதை விலக்கு என்றே சொல்வார்கள். உண்மையில் இது விலக்கு அல்ல, நிலத்தைச் சந்தை விலைக்குப் பதில் அது விளைவிக்கும் திறனுக்கு ஏற்ப மதிப்பிடும் முறை. பல லட்சம் டாலர் நிலத்துக்கு வரி சில ஆயிரம் டாலர் மதிப்பின் மேல் மட்டும் விழும். பணம் அதிகம் போவது இங்கே செய்யும் தவறுகளில்தான். முந்தைய உரிமையாளருக்கு இருந்தது, மாடுகளும் அங்கேயேதான் மேய்கின்றன, எனவே எனக்கும் தொடரும் என்று நினைப்பது முதல் தவறு. உரிமை கைமாறினால் வாங்கியவர் ஏப்ரல் 30-க்குள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தவறவிட்டவர், வாரியம் அந்த ஆண்டுப் பதிவுகளுக்கு ஒப்புதல் தருமுன் ஓடினால் அபராதத்தோடு தப்பிக்கலாம். அதற்கும் பிந்தினால் அந்த ஆண்டு முழுச் சந்தை மதிப்புக்கு வரி.

புதிதாக இந்த முறைக்குள் வர, கடந்த ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டு விவசாயம் நடந்திருக்க வேண்டும். இரண்டு ஆட்டைக் கட்டி வைத்துப் படம் எடுத்துக் காட்டுவது எடுபடாது. எத்தனை ஏக்கருக்கு எத்தனை மாடு என்று ஒவ்வொரு கவுண்டியும் அளவுகோல் வைத்திருக்கிறது. 5 முதல் 20 ஏக்கர் வரை வைத்திருப்பவர்கள் தேனீ வளர்த்தும் தகுதி பெறலாம், அதற்கும் பெட்டிக் கணக்கு உண்டு. விவசாயத்தை விட்டு நிலத்தின் பயன்பாட்டை மாற்றினால், மாற்றிய பகுதிக்குக் கடந்த மூன்று ஆண்டு வித்தியாச வரியைத் திருப்பிக் கேட்பார்கள். அந்த வித்தியாசம் சந்தை மதிப்பை வைத்துத்தான் கணக்கிடப்படும். ஆகவே, பின்னாளில் பயன்பாட்டை மாற்றும் எண்ணம் இருந்தால், இன்று பில்லைப் பாதிக்காத அந்தச் சந்தை மதிப்பையும் கவனியுங்கள். அது மிகையாக இருந்தால் ஆட்சேபியுங்கள்.

வாரியத்தின் தீர்ப்பு பிடிக்காவிட்டால், உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் மத்தியஸ்தத்துக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ போகலாம். வழக்கு நடக்கிறதே என்று பணம் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் மறுக்காத தொகையையாவது ஜனவரி 31-க்குள் கட்டியாக வேண்டும். பிப்ரவரி 1 அன்றே 6 சதவீத அபராதமும் 1 சதவீத வட்டியும் ஏறும், ஜூலைக்குள் அபராதம் 12 சதவீதமாகிவிடும், அதற்கு மேல் வழக்கறிஞர் கட்டணம் வேறு.