‘மாட்டேன்’: பொருள் சொல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக உரையெழுதப் பழகுபவர்கள் இந்தச் சொல்லில் ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். எழுத்துப் பிழைகளை விட்டுவிடுவோம், அவை பழகப் பழகத் திருந்திவிடும்.

பழைய பாட்டிலும் மறுப்பைப் படிப்பது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். ‘மாட்டு’ என்ற வினைக்கு முதற்பொருள் ‘இயலுதல், வல்லவனாதல்’. அதன் எதிர்மறையான ‘மாட்டேன்’ ‘என்னால் ஆகாது’ என்றே பொருள்பட்டது. ஆகாது என்பதே பின்னால் செய்ய விருப்பமில்லை என்றாகி, இன்று மறுப்பாக நிலைத்துவிட்டது.

மூதுரையின் 13ஆம் வெண்பாவைப் பாருங்கள்: ‘சபைநடுவே நீட்டோலை வாசியா நின்றான் குறிப்பறிய மாட்டா தவன்நன் மரம்.’ இதற்குக் ‘குறிப்பை அறிய மறுப்பவன்’ என்று உரை எழுதினால் பாட்டே சரிந்துவிடும். மரம் எதையும் மறுப்பதில்லை, அதற்கு அறியும் திறன் இல்லை. நீட்டிய ஓலையை வாசிக்கத் தெரியாதவனையும் பிறர் குறிப்பை உணர முடியாதவனையும் ஔவையார் மரம் என்கிறார். இயலாமை என்று கொண்டால்தான் உவமை நிற்கும். மறுப்பு என்று கொண்டால் அவன் வெறும் பிடிவாதக்காரன் ஆகிவிடுவான்.

மறுப்புக்குப் பழைய பாட்டில் தனிச்சொல் உண்டு. ‘இந்திரலோகம் ஆளும் அச்சுவை பெறினும் வேண்டேன்’ என்று திருமாலையில் தொண்டரடிப்பொடியாழ்வார் சொல்வது அசல் மறுப்பு.

பழம்பொருள் செத்துவிடவும் இல்லை. ‘குடத்தைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்தாள்’ என்கிறோமே, அவள் மறுக்கவா செய்தாள்? பெரும்பாலும் மாட்டேன், மாட்டான் போன்ற முற்றுகளில்தான் மறுப்பு ஏறியிருக்கிறது. ‘மாட்டாமல்’ என்ற எச்சத்தில் இயலாமை அப்படியே தங்கியிருக்கிறது. ஐயம் வந்தால் அந்த இடத்தில் ‘இயலாத’, ‘மறுக்கிற’ இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

எல்லா ‘மாட்டார்’களையும் மறுப்பாக்குவது

‘அவர் காப்பி குடிக்கமாட்டார்’ என்பது மறுப்பல்ல, அவருடைய பழக்கத்தைச் சொல்வது. ‘இன்றைக்கு வரமாட்டார்’ என்பது கணிப்பாகவும் இருக்கலாம்.

ஒலியை வைத்து உறவு கட்டுவது

‘மாரிமாட்டு என்ஆற்றுங் கொல்லோ உலகு’ (குறள் 211) என்பதில் உள்ள ‘மாட்டு’ இடப்பொருள் தருவது. மாட்டுவண்டியில் இருப்பது மாடு. இரண்டுக்கும் இந்த வினையோடு தொடர்பில்லை.

நேற்றைக்கு ‘மாட்டேன்’

கிடையாது. நடந்து முடிந்ததைச் சொல்ல ‘மறுத்தேன்’ அல்லது ‘மாட்டேன் என்றேன்.’

அஃறிணைக்கு ‘மாட்டாது’

இன்றைய எழுத்தில் ‘பேருந்து வராது’ போதும். பேச்சில் மட்டும் ‘கதவு திறக்கமாட்டேங்குது’ என்போம். அது ‘மாட்டேன் என்கிறது’ என்பதன் திரிபு. கதவே தன்வாயால் ‘மாட்டேன்’ என்பதுபோன்ற அமைப்பு என்பதால் உள்ளே தன்மை விகுதி மாறாது. ஆளுக்கும் அப்படியே: ‘அவன் வரமாட்டேன் என்கிறான்’ என்றால் மறுப்பவன் அவனே. ‘வரமாட்டான் என்கிறான்’ என்று திருத்தினால், வராதவன் வேறொருவன் ஆகிவிடுவான்.