காக்கபூ குட்டிக்கு முன் பெற்றோருக்குக் கன்ன மாதிரி

காக்கபூ என்ற கலப்பின நாய்க்குட்டிக்காக மினியேச்சர் பூடிலையும் காக்கர் ஸ்பானியலையும் இணை சேர்க்கும் முன், இரண்டில் ஒன்றாவது பிஆர்சிடி-பிஆர்ஏ என்ற பரம்பரை விழித்திரை நோய்க்கான மரபணுச் சோதனையில் ‘கிளியர்’ (மரபணுப் பிழை இல்லை) என்று வந்திருக்கிறதா பாருங்கள். அது போதும், விற்கிற குட்டி ஒவ்வொன்றுக்கும் இந்தச் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளும் குட்டிக்கு மட்டும் எடுங்கள்.

கலப்பினத்துக்கு நோய் வராது என்ற பேச்சு இங்கே எடுபடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையைப் பறிக்கும் இந்த விழித்திரை நோயின் ஒரே மரபணுப் பிழை இரு இனங்களிலும் உண்டு. பெற்றோர் இருவரும் கேரியர் (மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் பிழை உள்ள நாய்) என்றால் ஒவ்வொரு குட்டிக்கும் 25% ஆபத்து. கேரியருக்கோ கண் நன்றாகவே தெரியும். அதற்காகக் கேரியரை ஒதுக்கவும் வேண்டாம், கிளியர் ஜோடி பார்த்தால் சரி. தூய பூடிலுக்கும் இதே கணக்குதான்.

மாதிரியை, நாய் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து கன்னத்தின் உள்பக்கத்தில் தேய்த்து எடுங்கள். பஞ்சு காய்ந்த பிறகே உறையில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடித்து வீணாகும்.

இடுப்பு மூட்டுக் கோளாறுக்கு இந்த வழி உதவாது. அதில் பல மரபணுக்கள் சம்பந்தப்படுவதால் எக்ஸ்ரேதான் எடுக்க வேண்டும். சுருட்டை ரோமத்துக்காகக் காக்கபூவை மறுபடி பூடிலோடு சேர்த்தால், பூடிலுக்கே உரிய குறைகளும் கூடவே திரும்பி வரலாம்.