ஆயில் பம்பை மாற்றிய என் அனுபவம்

என் பழைய டீசல் காரில், எஞ்சின் சூடான பின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) மட்டும் ஆயில் விளக்கு மினுக்கத் தொடங்கியது. டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்ததால் முதலில் சென்சாரைத்தான் சந்தேகித்தேன். ஆனால் அதைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜைப் பொருத்தியபோது, முள் ஏறக்குறையப் பூஜ்ஜியத்திலேயே கிடந்தது. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றிப் பார்த்தால், முன்பு யாரோ தாராளமாகப் பூசியிருந்த சிலிக்கோன் பசையின் துணுக்குகள், பம்ப் ஆயிலை இழுக்கும் வாயிலுள்ள ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) வலையைப் பாதி அடைத்திருந்தன. பம்பின் ரோட்டரிலும் மூடியிலும் நகம் சிக்கும் ஆழத்துக்குக் கீறல்கள் விழுந்திருந்தன. வலையைக் கழுவினாலே போதும் என்றார் மெக்கானிக் அண்ணன். எனக்கு மனம் ஒப்பாததால் புதிய பம்பையே வாங்கினேன். உலர்ந்த பம்ப் ஆயிலை எளிதில் இழுக்காது என்பதால், உள்ளே ஆயிலை ஊற்றிக் கையால் சுழற்றிய பிறகே, புதிய ஓ-ரிங்குடன் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பொருத்தினோம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமலிருக்க, டீசல் வரத்தைத் திறந்து மூடும் சோலனாய்டின் வயரைக் கழற்றிவிட்டு, முள் எழும்வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினோம். இப்போது சூடான ஐடிலிலும் அழுத்தம் 1.5 பாருக்குக் குறைவதில்லை.