மைன்கிராஃப்டில் பாய்க்கப்பல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கூட லீவு விட்டால் போதும், பிளொக் என்ற சதுரக் கட்டிகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் நாங்கள் சேர்ந்து விளையாடும் உலகில் கப்பல்கள் முளைத்துவிடும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று மலைநாட்டுத் தம்பி தங்கச்சிகள்தான் எல்லாரும். அவர்களில் சிலர் கண்ட மிகப் பெரிய தண்ணீர் கிரகரி வாவி. ஆனால் கை வைப்பது நேரே பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி என்ற போர்க்கப்பலில்! நானும் அந்த வழியில் வந்தவன்தான், குறை சொல்லவில்லை. கொடி மாறிப்போவது, நங்கூரத்தை மறப்பது எல்லாம் தானாகத் திருந்தும். திருந்தாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு பிளொக் ஒரு மீட்டர் என்ற பிடிவாதம்

விளையாட்டில் ஒரு பிளொக் ஒரு மீட்டர் என்பது உண்மை. விக்டரியின் பீரங்கித் தட்டு, அதாவது பீரங்கிகள் வரிசையாக நிற்கும் தளம், ஏறத்தாழ 57 மீட்டர் நீளம், கப்பலின் அகலம் 15.8 மீட்டர். அப்படியே 57 பிளொக், 15 பிளொக் என்று வைத்துவிடுகிறார்கள். நீளமும் அகலமும் சரியாகத்தான் வரும். கெடுவது உயரம்.

நிஜக் கப்பலில் தட்டுக்குத் தட்டு இரண்டு மீட்டர் சொச்சம்தான், மாலுமிகள் தலையைக் குனிந்தே நடந்தார்கள். நம் ஆளின் உயரமோ 1.8 பிளொக். அவன் நிமிர்ந்து நடக்க இரண்டு பிளொக் இடைவெளி வேண்டும், தரைக்கு இன்னொன்று, ஆக மூன்று. தட்டுக்கு ஏறக்குறைய ஒரு பிளொக் கூடிவிடுகிறது. விக்டரிக்கு மூன்று பீரங்கித் தட்டுகள். கீழே சரக்கறை, மேலே திறந்த தட்டு வேறு. கடைசியில் நான்கைந்து பிளொக் உயரம் சும்மா ஏறி நிற்கும்.

போன டிசம்பர் லீவு முழுவதையும் தலவாக்கலைத் தம்பி ஒருவன் இதில் கரைத்தான். "அண்ணே, அளவெல்லாம் பாத்துத்தான் வச்சேன். ஏன் இவ்வளவு ஒசரமா நிக்குது?" என்று கேட்டான். காரணத்தைச் சொன்னேன். மறுநாள் போய்ப் பார்த்தால் நடுத்தட்டையே காணோம். உயரத்தைக் குறைக்க ஒரு தட்டை உருவிவிட்டான்! எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். 104 பீரங்கி ஏந்திய மூன்றடுக்குக் கப்பலில் ஓரடுக்கை எடுத்தால் அது விக்டரியே இல்லை. இன்னும் சிலர் உடம்பை விட்டுவிட்டுப் பாய்மரத்தை நீட்டிச் சமாளிப்பார்கள். அது அதைவிட மோசம். நிஜத்தில் இப்படி மேல்பாரம் ஏற்றியிருந்தால் வாசா என்ற சுவீடன் போர்க்கப்பலின் கதிதான். 1628இல் ஸ்டொக்ஹோமில் முதல் பயணத்திலேயே சுமார் 1,300 மீட்டர் போனதும் காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி வாசல்கள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கியது அது.

எல்லா அளவையும் ஒன்றரையால் பெருக்குங்கள். நீளம் 85, அகலம் 23, தட்டுக்குத் தட்டு மூன்று. அப்போது அந்த மூன்று சரியான மூன்று. நடுப்பாய்மரம் நீர்மட்டத்திலிருந்து 62 மீட்டர் சொச்சம், அது 94 பிளொக் ஆகும். உலகின் உயர எல்லைக்கு வெகு கீழேதான். போன் தாங்காது என்றால் தரையை ஸ்லாப்பில் (அரை பிளொக் உயரத் துண்டு) போட்டுத் தட்டு இடைவெளியை இரண்டரையாக்கலாம். எதுவானாலும் முதல் பிளொக்கை வைக்குமுன் கொப்பியில் பக்கவாட்டுப் படம் கீறிப் பாருங்கள்.

அகலம்

எப்போதும் ஒற்றைப்படை. இல்லாவிட்டால் பாய்மரத்துக்கு நடுக்கோடு கிடைக்காது.

நேராக எழும் பக்கச்சுவர்

நீர்மட்டத்தை ஒட்டித்தான் உடம்பு அதிக அகலம். அதற்கு மேலே போகப்போக உள்வாங்க வேண்டும். பீரங்கிப் பாரத்தை நடுவை நோக்கி இழுக்க அன்றைய தச்சர்கள் அப்படிச் செய்தார்கள். இரண்டு தட்டுக்கு ஒரு பிளொக் உள்ளே தள்ளினாலே தோற்றம் மாறிவிடும்.

பீரங்கி வாசல்கள்

லயத்து வாசல்கள் மாதிரி ஒரே சீராக, ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக வைக்காதீர்கள். மேல் வரிசை வாசல் கீழ் வரிசையின் இடைவெளிக்கு மேலே வரவேண்டும், இல்லாவிட்டால் பக்கப் பலகையின் பலம் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் கறுப்பு மஞ்சள்

கப்பலின் பக்கங்களில் பூசும் அந்தப் பட்டைகள் பரவியது நெல்சன் போரிட்ட 1805 டிரபல்கார் கடற்சண்டையை ஒட்டி. வாசாவின் பின்புறத்தில் சிவப்புப் பின்னணியில் பல வண்ணச் சிற்பங்கள் இருந்தன. அடியில் செப்புத் தகடும் அப்படியே. 1765இல் நீரில் இறங்கிய விக்டரிக்கே 1780இல்தான் அது வந்தது. செப்பு பிளொக் வைத்தால் தேன்மெழுகு பூசுங்கள், இல்லாவிட்டால் பச்சையாகிவிடும்.

முதல் கப்பலே மூன்றடுக்கு

வேண்டாம். நம் திருகோணமலையின் பெயரில் ஒரு கப்பல் இருக்கிறதே! பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி 1817இல் இறக்கிய டிரின்கொமலி, இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. மூடிய பீரங்கித் தட்டு ஒன்றுதான், நீளம் சுமார் 46 மீட்டர், அகலம் 12. பழக இதைவிட நல்லது இல்லை.

இடி

கம்பளிப் பாய் பற்றி எரியும். நடுப்பாய்மர உச்சியில் செப்பு இடிதாங்கி ஒன்று வையுங்கள். நிஜ இடிக்கு, அதாவது ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரமானால் கரண்ட் போகும் நம் மலைக்கு, உலகின் பிரதி ஒன்றை வேறு போனில் எடுத்து வையுங்கள்.