உயர்மலையில் வாழ்ந்தார்களா, வந்துபோனார்களா? தொல்தடயங்களைப் படிக்கும் முறை

கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டர் மேலே ஒரு பாறை ஒதுக்கில் (கூரைபோல் கவிந்த பாறையின் அடியில்) கல்லாயுதங்களும் அடுப்புக் கரியும் கிடைத்தால், வேட்டையாடி உணவு சேகரித்த மக்கள் அங்கே கால் வைத்தார்கள் என்பது மட்டுமே உறுதியாகிறது. குடியேற்றம் என்று சொல்ல இன்னும் வலுவான சான்றுகள் தேவை. ஏனெனில், அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான்.

முதலில் கற்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். பெருவில் 4,480 மீட்டர் உயரத்தில் உள்ள குன்கைச்சா ஒதுக்கில் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் தங்கியவர்கள், பெரும்பாலும் அருகிலேயே கிடைத்த எரிமலைக் கண்ணாடி போன்ற கற்களைக் கொண்டே ஆயுதம் செய்தார்கள். இது அவர்கள் அங்கேயே தங்கியிருந்தார்கள் என்ற கருத்துக்குச் சாதகமானது. ஆனால் ஆற்றுநீர் உருட்டி மழுக்கிய வெளியூர்க் கற்களும் சில அங்கே உண்டு என்பதால், தாழ்நிலத்தோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்ததும் தெரிகிறது.

அடுத்து, விலங்கெலும்புகளைக் கொண்டு பருவத்தைக் கணியுங்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வாழும், ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த விக்குன்யா என்ற விலங்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் குட்டி ஈனும். எனவே பிறந்து சில நாளேயான குட்டியின் எலும்பு கிடைத்தால், மழைக்காலத்திலும் அங்கே ஆள் இருந்ததாகக் கொள்ளலாம். எலும்புக் குவியல் பெரிதாக இருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. எத்தியோப்பியாவின் பேல் மலையில், 3,469 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபிஞ்சா ஹபேராவில், 47,000 முதல் 31,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் பெரிய வளை எலிகளை ஏராளமாகச் சுட்டுத் தின்றிருக்கிறார்கள். அது மீண்டும் மீண்டும் வந்து தங்கியதைக் காட்டுகிறதே தவிர, ஆண்டு முழுவதும் வாழ்ந்ததை நிறுவவில்லை.

மனித எலும்பு கிடைத்தால் அதுவே, என் கருத்தில், தலையாய சாட்சி. உயரம் கூடக்கூட மழைநீரில் கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பின் (எடை கூடிய ஆக்சிஜன் அணு வகையின்) பங்கு குறைகிறது. அந்த நீரைக் குடித்தவரின் எலும்பிலும் அதே குறைவு பதிகிறது. ஆண்டிஸ் மலையின் டிட்டிகாகா ஏரிப் பகுதியில், 3,800 மீட்டரில் உள்ள சோரோ மிக்காயா பட்ஷாவில் புதைக்கப்பட்டவர்களின் எலும்புகளை 2017-இல் வெளியான ஆய்வு இவ்வாறு சோதித்தது. உயர்நில அளவுகளே கிடைத்தன; சிறு குழந்தைகளின் எலும்புகளும் அங்கே இருந்தன. வேட்டைக்கு மட்டும் மலையேறிய கூட்டம் என்றால் கைக்குழந்தைகளைத் தூக்கி வந்திருக்குமா என்ற கேள்வியை இந்த இடத்தில் கேட்டே ஆக வேண்டும்.

மரபணுச் சான்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். திபெத்தியரிடம் உள்ள, குறைந்த ஆக்சிஜனைத் தாங்க உதவும் இபிஏஎஸ்1 மரபணுவின் வகை அழிந்துபோன தொல் மனிதக் குழுவான டெனிசோவா மனிதரிடமிருந்து வந்தது என்று 2014-இல் தெரியவந்தது; ஆயினும், அதைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட குகையில் மக்கள் எப்போது நிலைத்தார்கள் என்று சொல்ல முடியாது.